கணக்கில் வராத பால்கனி

சினிமாவில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் நாற்காலி மேல் ஏறி, கூரையில் இருக்கும் ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே லைட்டரைப் பிடிப்பான். அடுத்த நொடி அந்த மாடி முழுக்க மழை கொட்டும். வில்லனின் ஆட்கள் சொட்டச் சொட்ட நனைந்து ஓடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடக்காது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிற சாதாரண ஸ்பிரிங்க்ளர் ஒவ்வொன்றும் தனி ஆள். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே நிறமேற்றிய திரவம். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸ், பச்சை என்றால் 93. சூடு ஏறினால் திரவம் விரிந்து குமிழை உடைக்கும், மூடி கழன்று விழும், பின்னால் காத்திருக்கும் தண்ணீர் பாயும். பக்கத்தில் பத்தடி தள்ளி இருக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு இது எதுவுமே தெரியாது. அதன் குமிழ் அதுவாகச் சூடானால்தான் உண்டு. (விமானக் கொட்டகை மாதிரி சில இடங்களில் எல்லாம் ஒன்றாகத் திறக்கும் ஏற்பாடு உண்டு. அது வேறு கதை.)

சாஃப்ட்வேர்காரனான எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் ஒரு காதலே உண்டு. மையத்தில் சர்வர் கிடையாது, செய்தி அனுப்ப வேண்டியதில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை. முடிவெடுக்கும் மூளையும் செயல்படும் கையும் ஒரே பித்தளைத் துண்டுக்குள் இருக்கின்றன. நூற்றைம்பது வருடமாக அடிப்படை மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சாதனத்தை எங்கள் துறையில் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆனால் இந்த அழகான கருவிக்குள் யாரும் வெளியே சொல்லாத ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. சூடு தன்னைத் தேடி வரும் என்று அது நம்புகிறது. தீ பிடித்தால் வெந்நீராவி மாதிரி சூடான புகை மேலே போகும், கூரையில் முட்டும், பக்கவாட்டில் பரவும், சுவர்கள் அதைத் தடுத்து நிறுத்தும், கூரைக்குக் கீழே ஒரு சூட்டுப் படலம் தேங்கும். ஸ்பிரிங்க்ளர் அந்தப் படலத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதாவது, அதற்கு ஓர் அறை வேண்டும். சுவரே இல்லாத இடத்தில், காற்றடிக்கிற இடத்தில் என்ன செய்வது? பால்கனி என்ற இடம் இந்தக் கேள்வியாகத்தான் ஸ்பிரிங்க்ளர் வரலாற்றுக்குள் நுழைகிறது. நுழைகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப காலம் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

கதை தொடங்கியது அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆலைக் கூரைகளில் ஓட்டை போட்ட குழாய்களை ஓடவிட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். பஞ்சு எரிகிற பகுதி மட்டுமல்ல, எரியாத பகுதியும் நனைந்து நாசமாகும். 1872இல் பிலிப் பிராட் என்பவர் தானாகத் திறக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1874இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி பார்மலீ அதை மேம்படுத்தித் தன் ஆலையிலேயே மாட்டினார். பிறகு ஃபிரெடெரிக் கிரின்னல் வந்தார். 1881இல் அவர் வாங்கிய காப்புரிமையின் வழித்தோன்றல்கள்தான் இன்று நம் தலைக்கு மேல் தொங்குபவை.

இதையெல்லாம் முன்னுக்குத் தள்ளியது மனித நேயம் என்று நினைத்துவிட வேண்டாம். தள்ளியது காப்பீடு. ஆலை எரிந்தால் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர வேண்டும், எனவே எரியாமல் பார்த்துக்கொள்கிற ஆலைக்குப் பிரீமியத்தில் சலுகை. 1890களில் பாஸ்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் மட்டும் குழாய் அளவுகளுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஒன்பது விதமான விதிகள் நடைமுறையில் இருந்தன. குழாய் போடுகிறவர்களின் தலைவலியை நினைத்துப் பாருங்கள். 1895இல் சிலர் உட்கார்ந்து பேசி, அடுத்த வருடம் பொது விதிகளைக் கொண்டுவந்தார்கள். அப்போது பிறந்த சங்கம்தான் என்.எஃப்.பி.ஏ. அந்த விதிகளின் தொடர்ச்சிதான் இன்று 13 என்ற எண்ணால் அழைக்கப்படும் ஸ்பிரிங்க்ளர் தரநிலை. அது காப்பாற்ற நினைத்தது சரக்கை, இயந்திரத்தை, கட்டடத்தை. ஆலைக்குப் பால்கனி கிடையாது.

வீடு இந்தக் கணக்குக்குள் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1973இல் அமெரிக்க அரசு நியமித்த ஆணையம் 'அமெரிக்கா பர்னிங்' என்ற அறிக்கையை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் தீயில் சாகிறார்கள், பெரும்பாலோர் சாவது தொழிற்சாலையிலோ நாடக அரங்கிலோ அல்ல, சொந்த வீட்டில், தூக்கத்தில் என்பதை அது உரக்கச் சொன்னது. அதற்குப் பிறகு 1975இல் தனி வீடுகளுக்கு 13டி என்ற தரநிலை வந்தது. சோதனைகளில் ஒரு சங்கடம் வெளிப்பட்டது. ஆலைக்குச் செய்த ஸ்பிரிங்க்ளர் வீட்டில் ரொம்ப தாமதமாகத் திறந்தது. சோபா எரிந்து அறையில் மூச்சுவிட முடியாமல் ஆன பிறகு தண்ணீர் வந்து என்ன பயன்? சரக்கு மூச்சு விடுவதில்லை, மனிதன் விடுகிறான். வேகமாகச் சூடாகும் மெல்லிய குமிழும் உருகு இணைப்பும் கொண்ட புதுத் தலைமுறை அப்படித்தான் வந்தது.

1989இல் 13ஆர் வந்தது. நான்கு மாடி வரையிலான அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கானது. எனக்கு இந்த ஆவணம் ஒரு தனி சுவாரசியம், ஏனென்றால் இது ஒரு பேரம். முழு 13ஐ ஒரு சாதாரண அபார்ட்மெண்டில் போடச் சொன்னால் கட்டுகிறவர் செலவைக் காட்டி எதிர்ப்பார், அரசியல்வாதி அவர் பக்கம் சாய்வார், கடைசியில் ஒன்றுமே இருக்காது. எனவே எழுதியவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: ஆட்கள் உண்மையில் எங்கே சாகிறார்கள்? படுக்கையறையில், கூடத்தில், சமையலறையில். அங்கே போடு. மற்ற இடங்களை விடு. 55 சதுர அடிக்குக் குறைந்த குளியலறை வேண்டாம். 24 சதுர அடிக்கு மிகாத அலமாரி அறை வேண்டாம். ஆள் வசிக்காத, பொருள் வைக்காத கூரைப் பரண் வேண்டாம். திறந்த தாழ்வாரம், பால்கனி வேண்டாம்.

எங்கள் துறையில் இதை ஸ்கோப் என்போம். வேலை தொடங்கும்முன் கையெழுத்தாகிற தாளில் 'இது எங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் நியாயமான பட்டியல்தான். 13ஆரின் பட்டியலும் நியாயமானதுதான், அதை எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பால்கனியில் பற்றிய தீயில் அங்கேயே செத்தவர்கள் புள்ளிவிவரத்தில் அரிது. குளிர்ப்பிரதேசத்தில் வெளியே நீர்நிறைந்த குழாயை நீட்டினால் உறைந்து வெடிக்கும். காற்றில் சூடு தேங்காது. மூன்றும் உண்மை. ஆனால் பட்டியலில் பால்கனிக்கு அடுத்த வரியில் இருப்பதைப் பாருங்கள்: கூரைப் பரண். இரண்டு விதிவிலக்குகளும் தனித்தனியாகச் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தீக்கு ஒரு பாதை போட்டுக்கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பாதை இப்படி. அமெரிக்க அபார்ட்மெண்ட்கள் மிகப் பெரும்பாலும் மரச்சட்டக் கட்டடங்கள். வகை ஐந்து என்பார்கள். மூன்று மாடி, நான்கு மாடி வரை மரக்கால், மர உத்தரம், மரப்பலகை, வெளியே பல இடங்களில் வினைல் உறை. பால்கனியின் மூலையில் ஒரு பூந்தொட்டி. நம் ஊர்ச் செம்மண் தொட்டியில் பீடியைக் குத்தினால் அணைந்துவிடும். அங்கே தொட்டியில் இருப்பது மண்ணே அல்ல, பெரும்பாலும் பீட் பாசியும் மரப்பட்டைத் தூளும். காய்ந்த தொட்டியில் குத்திய சிகரெட் மணிக்கணக்கில் புகைந்து, வீட்டுக்காரர் தூங்கப்போன பிறகு பற்றும். பற்றிய தீ சுவரின் வினைலை உருக்கி ஏறும், மேல் பால்கனியின் அடிப்பகுதியைத் தொடும், கடைசி மாடியின் கூரைத் தாவாரத்தில் காற்றுக்காக விட்டிருக்கும் துளைகள் வழியே பரணுக்குள் நுழையும். பரணில் மெல்லிய மரத்தாலான கூரைச் சட்டங்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஸ்பிரிங்க்ளர் இல்லை. கீழே ஒவ்வொரு வீட்டிலும் ஸ்பிரிங்க்ளர்கள் சிவப்புக் குமிழோடு தயாராகத்தான் இருக்கின்றன, தீ அவற்றின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

மறைவிடங்கள் வழியாகத் தீ போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரி 21 அன்று நியூ ஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் நடந்தது சாட்சி. அது பால்கனித் தீ அல்ல. குழாய் பழுது பார்க்கப் பயன்படுத்திய டார்ச்சிலிருந்து சுவருக்குள் பற்றியது. 13ஆர்படி ஸ்பிரிங்க்ளர் இருந்த மரச்சட்டக் குடியிருப்பு அது. 408 வீடுகளில் 240 போயின. ஒருவரும் சாகவில்லை. விதிநூல் தன் வாக்கைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். அது உயிருக்குத்தான் உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஆனால் அன்றிரவு தெருவில் நின்றவர்களிடம் இந்த நுணுக்கத்தை யார் போய் விளக்குவது?

பால்கனியைப் பொறுத்தவரை திருத்தம் அதற்கு முன்பே, 2000களில், அமெரிக்காவின் பெரும்பகுதி பின்பற்றுகிற சர்வதேசக் கட்டட விதிநூலில் வந்துவிட்டது. மரச்சட்டக் கட்டடத்தில், மேலே கூரையோ இன்னொரு பால்கனியோ மூடியிருக்கும் பால்கனிக்கும் தரைத்தள முற்றத்துக்கும் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும். ஒரே வாக்கியம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நிறைவேற்றுவது எவ்வளவு குடைச்சல் என்பதில்தான் எனக்கு ருசி.

முதலில் குளிர். வெளியே தண்ணீர் நிற்கக்கூடாது. எனவே உலர் பக்கச்சுவர் ஸ்பிரிங்க்ளர் என்று ஒன்று. நீண்ட குழல், அதன் ஒரு முனை வீட்டுச் சுவருக்குள் கதகதப்பான பக்கத்தில் நீர்க்குழாயோடு இணைந்திருக்கும். அடைப்பு அங்கேயே. வெளியே நீட்டியிருக்கும் தலை வரை குழலுக்குள் வெறும் காற்று. தலையின் குமிழ் உடைந்தால் உள்ளே இருக்கும் ஒரு கம்பி நகர்ந்து, அடைப்பு விடுபட்டு, தண்ணீர் குழல் வழியே ஓடிவந்து கிடையாகப் பாயும். ரிமோட் கண்ட்ரோல் மாதிரி, ஆனால் மின்சாரமில்லாமல். குழல் எவ்வளவு நீளம் வேண்டும் என்பது வெளியே எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்தது. குட்டையாக இருந்தால் உலோகம் வழியே குளிர் உள்ளே கடத்தப்பட்டு, அடைப்புக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரே உறைந்துவிடும். அதற்கென்று அட்டவணை உண்டு.

அடுத்து வெயில். சிவப்புக் குமிழ், கூரையடி வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போகாத இடத்துக்குத்தான். மேற்குப் பார்த்த பால்கனியில் கோடை மதியம் அதைத் தாண்டும் என்றால் அடுத்த நிலைக் குமிழுக்குப் போக வேண்டும், மஞ்சளோ பச்சையோ. போனால் திறக்க இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஏற்கெனவே காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகிற இடம்.

மூன்றாவது உத்தரம். இதுதான் உண்மையான சிக்கல். அறைக்குள் பக்கச்சுவர் ஸ்பிரிங்க்ளரைக் கூரையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலத்துக்குள் வைப்பது வழக்கம். சூட்டுப் படலம் அங்கேதான். ஆனால் மரப் பால்கனியின் அடிப்பகுதி சமதளக் கூரை அல்ல, வரிசையாக உத்தரங்கள். ஒவ்வோர் உத்தரமும் ஏழெட்டு அங்குலமோ அதற்கு மேலோ ஆழம். நான்கங்குலத்தில் வைத்தால் ஸ்பிரிங்க்ளர் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், பாய்கிற தண்ணீர் பக்கத்து மரத்தில் அடித்து நின்றுவிடும். உத்தரங்களுக்குக் கீழே இறக்கினால் தண்ணீர் தாராளமாகப் போகும், ஆனால் சூடு மேலே உத்தர இடுக்குகளில் தேங்கும், குமிழுக்கு எட்டாது. விதிநூல் ஒரு நடுவழி சொல்கிறது: உத்தரத்தின் அடியிலிருந்து 1 முதல் 6 அங்குலத்துக்குள், ஆனால் மேல்பலகையிலிருந்து 14 அங்குலத்துக்கு மேல் இறங்காமல். தண்ணீருக்கு வேண்டியது ஒன்று, சூட்டுக்கு வேண்டியது இன்னொன்று. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடித்த பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரிதான் அந்த எண்கள். இதில் காற்றுக்குக் கணக்கே இல்லை. பலமாக அடித்தால் தண்ணீர்த்துளிகள் எங்கே போகும் என்பதை அந்த நேரத்துக் காற்றுதான் முடிவு செய்யும். எனவே இந்த ஸ்பிரிங்க்ளரிடம் தீயை அணைக்கச் சொல்லிக் கேட்பதில்லை. சுவரையும் மேல்பலகையையும் நனைத்து, தீ தாவாரத்துக்கு ஏறாமல் தீயணைப்பு வண்டி வரும்வரை தாக்குப்பிடி என்றுதான் கேட்கிறோம்.

இந்தச் சாதனத்தை நான் முதன்முதலில் பார்த்தது டல்லஸுக்கு வெளியே ஒரு குடியிருப்பில், ஆன்சைட் போன புதிதில். இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். வீட்டுக்குள் கொள்ளாததெல்லாம் பால்கனியில்: சூட்கேஸ்கள், அரிசி மூட்டை வந்த சாக்கு, பழைய மெத்தை, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு துருப்பிடித்த கரி அடுப்பு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைத் தலையைப் பார்த்து அறைத்தோழன் ஒருவன், "மச்சி, கொடி கட்ட நல்ல கொக்கிடா இது" என்றான். அதில் கயிறு கட்டித்தான் அந்த வருடம் முழுக்க ஜட்டி பனியன் காய்ந்தது. அது என்ன என்று குடியிருப்பு நிர்வாகம் எங்களுக்குச் சொன்னதில்லை. பால்கனியில் கரி அடுப்பு கூடாது என்று மட்டும் குத்தகைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது.

அந்தக் கரி அடுப்பு விதிக்கும் ஒரு சுவையான பின்கதை உண்டு. அமெரிக்கத் தீ விதிநூல்படி, எரியக்கூடிய பால்கனியிலோ எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளோ தீச்சுடர் அடுப்பு வைக்கக்கூடாது. விதிவிலக்குகள் மூன்று. தனி வீடு என்றால் பரவாயில்லை. ஒரு பவுண்டு எரிவாயு பிடிக்கிற குட்டி சிலிண்டர் என்றால் பரவாயில்லை. மூன்றாவது: கட்டடமும் பால்கனியும் ஸ்பிரிங்க்ளரால் பாதுகாக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. அதாவது, பால்கனிக்கு ஸ்பிரிங்க்ளர் வந்ததும் இந்த விதிநூலின் கண்ணில் அடுப்புக்கும் அனுமதி வந்துவிட்டது. சில ஊர்களும் பல நிர்வாகங்களும் அப்படியும் கூடாது என்று சொல்லிவிடுகின்றன, அது தனி. அமெரிக்காவில் கிரில் அடுப்பு தொடர்பான வீட்டுத் தீ ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரத்தைச் சுற்றி நடக்கிறது. ஒரு பாதுகாப்பைச் சேர்த்துவிட்டு, அதைக் காரணம் காட்டி இன்னொன்றைத் தளர்த்துவது கட்டட விதிகளின் நெடுநாள் பழக்கம். எங்கள் கோடிலும் எக்செப்ஷன் உண்டு, அங்கேயும் எக்செப்ஷன் உண்டு. இரண்டிலும் பிழை குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

குளிரும் மரமும்தான் பால்கனியைக் கைவிட்டதற்குக் காரணம் என்றால், குளிர் உறையாத ஊரில் கான்கிரீட் கட்டடத்தில் நிலைமை வேறாக இருந்திருக்க வேண்டும். மெல்போர்னில் குழாய் உறைவதில்லை. லாக்ரோஸ் கட்டடம் அங்கே டாக்லண்ட்ஸ் பகுதியில் இருக்கும் இருபது மாடிக்கு மேற்பட்ட கான்கிரீட் குடியிருப்பு. வீடுகளுக்குள் ஸ்பிரிங்க்ளர் உண்டு. பால்கனியில் இல்லை.

2014 நவம்பர் 25, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்றுப் பின். எட்டாவது மாடி வீடொன்றில் தங்கியிருந்த ஓர் இளைஞர் பால்கனியில் சிகரெட் பிடித்துவிட்டு, சாம்பல் கிண்ணமாக வைத்திருந்த பிளாஸ்டிக் உணவு டப்பாவில் அதை அணைத்தார். அல்லது அணைந்துவிட்டதாக நினைத்தார். டப்பா மரப்பலகை போட்ட மேசை மேல் இருந்தது. மேசை பற்றியது. பக்கத்துச் சுவர் கான்கிரீட் மாதிரி தெரிந்தாலும், மேல் உறை அலுமினியக் கூட்டுத்தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே பாலிஎத்திலீன். நாம் காய்கறி வாங்கிவரும் கவரும் அதே இனம்தான். பால்கனிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அடுக்கியிருந்தன, தகடும் அதே கோட்டில் கீழிருந்து உச்சி வரை. ஏறத்தாழ 11 நிமிடங்களில் தீ எட்டாவது மாடியிலிருந்து 21வது மாடிக்குப் போய்விட்டது.

நானூறுக்கும் மேற்பட்டோர் இரவு உடையோடு படியிறங்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. அதற்கு முக்கியக் காரணம் வீட்டுக்குள் இருந்த ஸ்பிரிங்க்ளர்கள். பால்கனியிலிருந்து தீ வீட்டுக்குள் எட்டிப்பார்த்த இடமெல்லாம், பல மாடிகளில் ஒரே நேரத்தில், அவை திறந்தன. ஒரு ஸ்பிரிங்க்ளர் அமைப்பை வடிவமைக்கும்போது தீ ஓரிடத்தில் பற்றும், அங்கே சில தலைகள் திறக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தண்ணீரின் அளவை முடிவு செய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாடிகளில் ஒன்றாகத் திறக்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. வடிவமைத்ததைத் தாண்டி அது தாக்குப்பிடித்தது என்று மெல்போர்ன் தீயணைப்புப் படை தன் அறிக்கையில் எழுதியது. எந்த நிகழ்வுக்கு எழுதப்படவில்லையோ அதை ஒரு நிரல் எப்படியோ சமாளித்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டுவோம். ஆனால் அடுத்த நாள் காலை முதல் வேலையாக, ஏன் அது அங்கே வந்தது என்று தோண்டுவோம்.

அந்த அறிக்கையில் இன்னொரு விவரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் பல வீடுகளில் இருக்க வேண்டியதைவிட நிறைய பேர் இருந்தார்கள், பால்கனிகள் பொருள் வைக்கும் அறையாகிவிட்டிருந்தன. டல்லஸ் பால்கனிதான் எனக்கு ஞாபகம் வந்தது. கட்டட வரைபடத்தில் பால்கனி என்றால் இரண்டு நாற்காலியும் ஒரு காபிக் கோப்பையும். வாடகையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிற இளைஞர்களுக்கு அது கிடங்கு, கொடி, புகைக்கும் அறை, ஊருக்குப் போன் பேசுகிற தனிமை. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற நல்ல விதியும் சேர்ந்து சிகரெட்டை வெளியே, சரியாக ஸ்பிரிங்க்ளர் இல்லாத அந்த நாலடிக்குத் தள்ளிவிட்டது. அங்கே தீ தொடங்குவது விபத்து என்றாலும் அதிசயமில்லை.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் எரிந்து 72 பேர் இறந்த பிறகு உலகம் முழுக்க உறைத்தகடு ஒரு கெட்ட வார்த்தையானது. ஆஸ்திரேலியா தன் கட்டட விதிநூலில் 2018 மார்ச்சில் செய்த திருத்தத்தில் வெளிச்சுவர்களுக்கான புதுச் சோதனை முறையோடு, குடியிருப்புகளின் பால்கனிகளுக்கான ஸ்பிரிங்க்ளர் விதியையும் கடுமையாக்கியது. 2019இல், 25 மீட்டருக்கு மேல் போனால்தான் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்றிருந்ததை நான்கு மாடிக்கே இறக்கியது. இங்கிலாந்திலும் இந்த உயரக் கோடுகளின் கதைதான். 2018 டிசம்பரில் 18 மீட்டர் உயரக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்று தடை வந்தது, பால்கனியும் அதில் சேர்த்தி. ஆறு மாதத்தில், 2019 ஜூன் 9 அன்று, கிழக்கு லண்டனின் பார்க்கிங்கில் சாமுவேல் கார்சைட் ஹவுஸ் என்ற குடியிருப்பில் மரப் பால்கனிகள் வழியே தீ ஏறி 20 வீடுகள் அழிந்தன. அந்தக் கட்டடம் 18 மீட்டரைத் தொடவில்லை. தீக்கு மீட்டர் கணக்கு தெரியாது என்று எழுதினால் வசனம் மாதிரி இருக்கும். ஆனால் எழுதுகிறவர்கள் எங்காவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பால்கனிக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டும், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பால்கனி எதனால் கட்டப்பட்டது என்பது. பாலிஎத்திலீனைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன் மேல் தண்ணீர் தெளிக்கக் குழாய் இழுப்பது, தவறான டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு முன்னால் கேஷ் வைக்கிற வேலை. கொஞ்ச நாள் ஓடும். எரியாத பொருளில் கட்டிய ஆழமான பால்கனியில் ஒரு மெத்தை எரிந்தால், மேலே இருக்கும் தளம் சூட்டைக் கொஞ்ச நேரமாவது பிடித்துவைக்கும், ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்து வேலையை முடித்துவிட வாய்ப்பு அதிகம். காற்றும் அங்கே அவ்வளவாக வராது. வடிவமைப்பவர் கையில் இருப்பது இந்த இரண்டும் சேர்ந்த கணக்குதான்.

லாக்ரோஸ் வழக்குக்கு வருகிறேன். வீட்டு உரிமையாளர்கள் கட்டுமான நிறுவனத்தின் மேல் விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தீர்ப்பு வருவதற்குச் சரியாக மூன்றரை வாரம் முன்பு, 2019 பிப்ரவரி 4 அன்று, அதே மெல்போர்னில் ஸ்பென்சர் தெருவின் நியோ200 கட்டடத்தில் மறுபடியும் ஒரு பால்கனி, மறுபடியும் ஒரு சிகரெட், மறுபடியும் அதே ஜாதித் தகடு. 22வது மாடியிலிருந்து 27 வரை ஏறியது.

பிப்ரவரி 28 அன்று தீர்ப்பு. கட்டுமான நிறுவனம் உரிமையாளர்களுக்கு 57 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் தர வேண்டும். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியை அது மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நீதிபதி பொறுப்பைப் பங்கு பிரித்தார். தகட்டைப் பற்றி எச்சரிக்கத் தவறிய தீப் பாதுகாப்புப் பொறியாளர் நிறுவனத்துக்கு 39 சதவீதம். அனுமதி கொடுத்த கட்டட சர்வேயருக்கு 33. கட்டட வடிவமைப்பாளருக்கு 25. மொத்தம் 97.

இந்தப் பட்டியலை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தன் ஸ்கோப்புக்குள் இது இல்லை என்று வாதாடியிருந்தார்கள். பொறியாளர் வடிவமைப்பாளரைக் கைகாட்டுவதும், வடிவமைப்பாளர் சர்வேயரைக் கைகாட்டுவதும், எல்லோரும் சேர்ந்து 'துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்' என்பதும் எனக்குப் புதிதல்ல. வாரம் ஒருமுறை கேட்கிற உரையாடல்தான். வித்தியாசம், அங்கே கடைசியில் யாரோ ஒருவர் சதவீதத்தில் எழுதிவைத்தார். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் அப்படியே நிலைநிறுத்தியது.

மீதி 3 சதவீதம் சிகரெட் பிடித்தவருக்கு. அவர் விசாரணைக்கு வரவில்லை. அவரிடமிருந்து அதை வசூலிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பங்கு கட்டுமான நிறுவனத்தின் தலையிலேயே நின்றது.